கலியபெருமாள் சாரும் தெற்கு காட்டிய ஊசிகளும்

கலியபெருமாள் சார் இறந்த செய்தி எனக்கு நான்காவதாக வந்தது. முதலில் தலைமையாசிரியருக்கு, அடுத்து அலுவலக உதவியாளருக்கு, மூன்றாவதாகத் தமிழாசிரியைக்கு. பத்தொன்பது வருடம் அவரோடு ஒரே பள்ளியில் அறிவியல் நடத்தியவள் நான். சின்னசேலத்திலிருந்து பள்ளிக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "டீச்சர், நம்ம கலியபெருமாள் சார் காலையில தவறிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாராம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறதுக்குள்ள..." என்று தமிழாசிரியை அழுதார். நான் முதலில் கேட்டது, "உங்களுக்கு யாரு சொன்னது?" என்பதுதான். எழுத வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட வேண்டியவை இந்தக் கட்டுரையில் இன்னும் வரும் என்பதால் இப்போதே பழகிக்கொள்கிறேன்.

நைனார்பாளையம் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே நிறைந்திருந்தது. கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர்கள், மின்வாரிய லைன்மேன் ஒருவர், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் இரண்டு பெண்கள், களை வெட்டும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள். எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் பதினொன்றும் பன்னிரண்டும் என்னிடம் படித்தவர்கள். அவரை "நம்ம சாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். என்னைப் பார்த்ததும் "வாங்க டீச்சர்" என்று நாற்காலி எடுத்துப் போட்டார்கள். சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த வித்தியாசத்தை ஒருத்தி கவனிப்பாளா? நான் கவனித்தேன்.

மூன்று நாள் கழித்துத் தலைமையாசிரியர் கூப்பிட்டார். பள்ளி சார்பில் நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் எழுதித் தர வேண்டும் என்றார். "மலைக்கு அவரு கூடப் போனது நீங்கதான டீச்சர். அந்த ஊசிக் கதைய நீங்க எழுதுனாதான் நல்லா இருக்கும்" என்றார். அந்தக் கதை நம் பக்கத்து அறிவியல் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. ஆறு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. எழுதினால் அதையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் எழுதவே கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கலியபெருமாள் சார் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்த பட்டதாரி ஆசிரியர். படித்தது தாவரவியல். மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டப் போகிற குடும்பத்தில் பிறந்து, லீவு நாட்களில் தானும் வெட்டி, அந்தக் கூலியில் கல்லூரிப் புத்தகம் வாங்கியவர். நான் இயற்பியலில் முதுகலை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் இடம். சின்னசேலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தச் சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. மின்சாரமும் காந்தமும் என் பாடம். ஆனால் மின்சாரம் என்று சொன்னால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது இலை தழை படித்துவிட்டு வந்த மனிதர். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம். இடைவேளையில் டீ கிளாஸோடு என் மேசைக்கு வந்தார். "டீச்சர், ஒரு டவுட்டு. சுச்சிப் போட்ட ஒடனே லைட்டு எரியுதே, கரண்டு அவ்ளோ வேகமாவா ஓடுது?" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. தாள் எடுத்து, எலக்ட்ரான்களின் வேகத்துக்கான சமன்பாட்டை வரி வரியாகப் போட்டுக் காட்டினேன். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் எறும்பைவிட மெதுவாகத்தான் நகர்கின்றன, ஆனால் சுற்று முழுவதும் இருப்பவை கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நகர ஆரம்பிக்கின்றன, அதனால்தான் விளக்கு உடனே எரிகிறது என்றேன். "எறும்ப வுட மெதுவாவா?" என்று ஆச்சரியப்பட்டார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்றாம் இடம் வாங்கியதற்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மைதானத்தில் ஒரே சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பெரிய வட்டமாக நிற்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் நீளமான தாம்புக் கயிறு ஒன்றை இரு முனையையும் முடிச்சுப் போட்டு வளையமாக்கி, எல்லோருடைய கைக்குள்ளும் ஓட விட்டிருக்கிறார். கயிற்றை லேசாகப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, இவர் ஓரிடத்தில் நின்று கை மாற்றிக் கை மாற்றி இழுக்கிறார். "நாந்தான் பேட்டரி. கயிறு யாரு கைல மொதல்ல நவுந்துது?" என்றார். "எல்லார் கையிலயும் ஒண்ணாத்தான் சார்" என்று கத்தினார்கள். அடுத்து ஒரு பெண்ணைப் பார்த்து, "நீ மட்டும் கொஞ்சம் இறுக்கிப் புடி" என்றார். அவள் இறுக்கியதும் வட்டம் முழுக்கக் கயிற்றின் வேகம் குறைந்தது. "சார், கை சுடுது" என்றாள். "அதான் பல்பு. ஒருத்தி இறுக்குனா கரண்டு எல்லார் கையிலயும் கம்மியாவுது, பாத்தீங்களா? சரி, கயிறு எங்கனா தீர்ந்துபோச்சா?" "இல்ல சார்." "அப்ப இன்னா தீர்ந்துது?" ஒருவன் சொன்னான், "உங்க தெம்பு சார்." அவர் கயிற்றை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். "பல்பு கரண்ட தின்னுடாது. தீர்றது பேட்டரியோட தெம்புதான். எழுதிக்கோ" என்றார்.

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒரு பக்கம் முழுக்க நான் எழுதிக் கொடுத்த கணக்கு அந்த மைதானத்தில் கயிறாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் படித்த எனக்குத் தோன்றவில்லை. கேட்ட அவருக்குத் தோன்றியது. அடுத்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் நானும் ரகசியமாகக் கயிறு கொண்டுபோனேன். வழவழப்பாக இருக்கட்டும் என்று கடையில் நைலான் கயிறு வாங்கினேன். இரண்டு பேருக்குக் கையில் தோல் உரிந்துவிட்டது. "டீச்சர், இத சார் போன வருசமே செஞ்சி காட்டிட்டாருங்க" என்றான் ஒருவன். கயிற்றைச் சுருட்டி அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தக் கயிற்றுப் பாடம் முடிந்ததும் அவர் பிள்ளைகளிடம், "இத எனக்கு பிசிக்ஸ் டீச்சர்தான் சொல்லிக்குடுத்தாங்க" என்று சொல்வார். ஒவ்வொரு வருடமும் சொல்வார். பிள்ளைகள்தான் மறந்துவிடுவார்கள். அவர் என் பெயரை மறைத்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். மனதாரத் திட்டியிருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

ஒரு காலாண்டுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் மேற்பார்வை. ஃபிளெமிங் வலக்கை விதியை வைத்து ஒரு கேள்வி இருந்தது. காந்தப்புலம் இந்தப் பக்கம், கம்பி நகர்வது இந்தப் பக்கம், மின்னோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்கும் கேள்வி. வலது கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும். அந்தக் கேள்வி வந்ததும் அறையில் டக் டக் என்று சத்தம். ஒவ்வொருத்தராகப் பேனாவை மேசையில் வைக்கிறார்கள், வலது கையை நீட்டுகிறார்கள், விரல்களைத் திருப்பிப் பார்க்கிறார்கள், மறுபடி பேனாவை எடுத்து எழுதுகிறார்கள். பாதிரியார் முன்னால் ஜெபம் செய்கிற மாதிரி அத்தனை ஒழுங்கு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரிடமே கேட்டேன்.

"வலது கைல பேனா இருக்குது டீச்சர். பரிச்சை அவசரத்துல பேனாவ வுட மனசு வராது. சும்மா இருக்குற இடது கைய நீட்டிடுவாங்க. எல்லாம் நேர் எதிரா வந்துடும். நானே பி.எட். படிக்கும்போது அப்படித்தான் கோட்டை வுட்டேன். அதனால விதிய சொல்றதுக்கு முன்னாடியே பேனாவ கீழ வைன்னு சொல்லிடுறது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பழைய விடைத்தாள்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பன்னிரண்டாம் வகுப்பில் வருடா வருடம் அதே கேள்வியில் அதே தவறு வரும். வருடா வருடம் சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தவறு எந்தக் கையிலிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படிச் சேர்ந்ததுதான் எல்லாம். அவர் பேச்சில் சில வாசகங்கள் உண்டு, பிள்ளைகள் அப்படியே ஒப்பிப்பார்கள். "மூணு செல்லுக்கு மேல என் கிளாசுக்கு கரண்டு வராது" என்பார். வீட்டு மின்சாரத்தில் ஒரு செயல்முறையும் செய்ய விடமாட்டார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடணும், நம்ம மூஞ்சிய பாத்தாலே பசங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்பார். அவர் 'தெரியல' என்று சொல்வதை வகுப்பறைக்கு வெளியே நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். என் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை.

இப்போது மலைக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் கல்வராயன் மலையில் இருக்கும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மின்சாரமும் காந்தமும் பற்றி ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். கடிதம் வந்தது. பயிற்சி தருபவர் கலியபெருமாள். அதற்குக் கீழே, உதவிக்கு என்று போட்டு என் பெயர். நான் அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். தாவரவியல் படித்தவர் காந்தம் நடத்துவார், இயற்பியல் படித்தவள் கூடப் போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொள்வாள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அவருக்குக் கைகொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

பயிற்சிக்கு முந்தின நாள் மாலை ஆய்வகத்தில் சாமான்களைக் கட்ட வேண்டியிருந்தது. "டீச்சர், பொட்டிய நீங்க கட்டிடுறீங்களா? நான் போய் செல்லும் டார்ச் பல்பும் வாங்கிக்கினு வந்துடுறேன்" என்று கிளம்பிவிட்டார். மேசைமேல் இருபது சிறிய திசைகாட்டிகள். பக்கத்தில் உடைந்த ஒலிபெருக்கிகளிலிருந்து அவர் சேகரித்து வைத்திருந்த இரண்டு வளையக் காந்தங்கள். கையில் எடுத்தால் அலமாரிக் கதவில் போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு வலு. வலுவான காந்தத்தையும் திசைகாட்டியையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. வைத்தால் ஊசியின் காந்தத் துருவங்களே தலைகீழாக மாறிவிடும், வடக்கைக் காட்ட வேண்டிய முனை தெற்கைக் காட்டும். இதை அவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை. இயற்பியல் ஆசிரியையிடம் போய் யாராவது இதைச் சொல்வார்களா?

நான் அந்த இரண்டு காந்தங்களையும் திசைகாட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். கை தவறிவிட்டது, கவனம் இல்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஊசிகள் படபடவென்று துடித்ததைப் பார்த்துக்கொண்டேதான் வைத்தேன். மேலே அட்டையை மூடிச் சணல் கயிற்றால் இறுக்கினேன். மறுநாள் நடக்கப்போவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மேடையில் அவர் திணறுவார். காரணம் தெரியாமல் முழிப்பார். அப்போது நான் எழுந்து, "காந்தப் பொருள்களை இப்படி வைத்தால் துருவ மாற்றம் நிகழும்" என்று நிதானமாக விளக்குவேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அந்த வாக்கியத்தை அன்றிரவு நாலைந்து விதமாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து வேனில் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் பெட்டி என் காலடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தது. அவர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "டீச்சர், தலை சுத்துதா? எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன்" என்றார். வேண்டாம் என்றேன். தலைசுற்றல் அவர் நினைத்த காரணத்தால் இல்லை.

மலைப்பள்ளியில் முப்பது ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர் முதலில் கயிற்றை விட்டார், எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அடுத்து நான் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டிய திசைகாட்டிகளை மேசைக்கு மேசை கொடுத்து, ஒரு கம்பியை அதன்மேல் வடக்குத் தெற்காகப் பிடித்து மின்னோட்டம் விட்டால் ஊசி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கச் சொன்னார். கம்பியில் மின்னோட்டம் போனால் சுற்றிலும் காந்தப்புலம் வரும், அதைக் கண்ணால் பார்க்க வைக்கும் செயல்முறை அது. "மேற்கால திரும்புது சார்" என்று இரண்டு மேசையில் சொன்னார்கள். "எங்களுக்குக் கிழக்கால திரும்புது" என்று இன்னும் இரண்டு மேசை. பின்பக்கத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் எழுந்து, "சார், கரண்டே வுடல, அதுக்குள்ள எங்க ஊசி தெக்கப் பாத்துக்கினு நிக்குது. மலைமேல வடக்கு மாறிடுமா?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய்க் குனிந்து பார்த்தார். கழுத்தில் வியர்வை இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு நேராக என் பக்கத்தில் இருந்த பெட்டியிடம் வந்து அட்டையைத் தூக்கினார். உள்ளே இரண்டு வளையக் காந்தங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. என்னைப் பார்த்தார். நான் எழுந்து வாயைத் திறந்தேன். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. "ஒக்காருங்க டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"தப்பு என்னோடதுங்க. ஸ்பீக்கர் காந்தத்தையும் இதையும் ஒரே பொட்டில வெச்சிக் கட்டிட்டேன். ஊசிங்க கொஞ்சம் பேரு கெட்டுப்போய் வந்திருக்காங்க. இப்ப இந்த இருவதுல எது நெசம் சொல்லுது, எது பொய் சொல்லுது? நான் சொல்லமாட்டேன், நீங்கதான் கண்டுபுடிக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆசிரியர்கள் திசைகாட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். எந்தப் பக்கம் கிழக்கு என்றே ஒரு சண்டை. காலையில் சூரியன் அந்தப் பாறைக்கு மேலேதான் வரும் என்று ஒருவர் கையைக் காட்டினார். நிழலைப் பார்த்தார்கள், ஒரு திசைகாட்டியை இன்னொன்றின் பக்கத்தில் வைக்காமல் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் பதினோரு ஊசிகள் பொய் சொல்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். இதைச் சரிசெய்ய முடியுமா என்று ஒரு டீச்சர் கேட்டார். "கெடுத்த காந்தத்தாலயே சரி பண்ணலாம்" என்று அதே வளையக் காந்தத்தின் ஒரு பக்கத்தை ஊசியின் முனைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் காட்டினார். சாமைச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது, சாப்பிட யாரும் வரவில்லை. அந்த டீச்சர் கடைசியில் எழுந்து, "காந்த ஊசி வடக்கப் பாக்கும்னு இத்தன வருசம் சொல்லிக்குடுத்தேங்க. ஏன் பாக்குதுன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிது. தப்ப ஒத்துக்குற வாத்தியாரையும் இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். அன்றைக்குக் கிடைத்த கைதட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று தட்டினேன்.

இறங்கும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "மனசுல வெச்சிக்காதீங்க டீச்சர். அவசரத்துல கட்டியிருப்பீங்க. யாருக்கும் நடக்குறதுதான்" என்றார். "ஆமாங்க சார், அவசரத்துல கவனிக்கல" என்றேன். நான் அவரிடம் சொன்ன பொய்களில் அதுதான் மிகச் சிறியது, அதுதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. அவர் மன்னித்தது என் கவனக்குறைவை. நான் செய்தது கவனக்குறைவு இல்லை.

அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு வருடமும் வேண்டுமென்றே நாலைந்து ஊசிகளைக் கெடுத்து வகுப்புக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். பிள்ளைகள் அதற்குப் 'பொய் ஊசிப் பாடம்' என்று பேர் வைத்தார்கள். வேறு பள்ளிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தாங்களும் செய்தார்கள். கேட்பவர்களிடமெல்லாம் அவர், "நான் பண்ண ஒரு தப்புல இருந்து வந்ததுங்க" என்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் என் பக்கம் பார்க்காமல் சொல்வார். அவரைக் கவிழ்க்க நான் வைத்த காந்தத்தை எடுத்து, அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த பாடத்தைச் செய்துகொண்டார். என் வயிற்றெரிச்சல்கூட அவர் கைக்குப் போனால் பாடமாகிவிடுகிறது. இதைவிட ஒரு மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன காரணம் வேண்டும்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் வருடம் பயம். பிறகு பயம் போய்விட்டது, வேறு ஒன்று வந்தது. நான் உண்மையைச் சொன்னால் என் பெயர் கெடும், அது பரவாயில்லை. ஆனால் அடுத்தவள் வேண்டுமென்று செய்த கெடுதலைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் என்று அவர் இன்னும் ஒரு படி மேலே போய்விடுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் அந்த ஒரு படி ஏறக் கூடாது என்பதற்காக ஆறு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இந்தக் கட்டுரை அச்சில் வரும் நாளில் அவர் ஏறிவிடுவார். ஏறட்டும்.

தலைமையாசிரியர் இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு நேற்று என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதெல்லாம் இப்ப எதுக்கு டீச்சர்? அவரே போயிட்டாரு. கேக்குறதுக்கு யாரு இருக்காங்க? அவரப் பத்தி நல்லத மட்டும் எழுதுனா போதாதா?" என்றார்.

"நல்லத மட்டும்தான் சார் எழுதியிருக்கேன். கெட்டதெல்லாம் என்னப் பத்தினது" என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர் இடத்துக்கு ஆள் வரும்வரை பத்தாம் வகுப்புக்கு மின்சாரம் என்னை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கயிற்றைத் தொடவில்லை. அது அவருடையது. போன வாரம் தொடரிணைப்பு, பக்க இணைப்புப் பாடம். திருவிழாவுக்குப் பந்தலில் போடும் சீரியல் லைட் சரம் ஒன்றை வாங்கிப் பேட்டரியில் எரிகிற மாதிரி சின்னதாக வெட்டிக் கொண்டுபோனேன். ஒரு பல்பைக் கழற்றினேன். சரம் முழுக்க அணைந்தது. "நம்ம வூட்டுல ஒரு லைட்டு பீஸ் போனா எல்லா லைட்டும் அணையுதா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். "ஏன்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இருபது நிமிடம் அவர்களே அடித்துக்கொண்டு, கம்பியைப் பிரித்து, மாற்றிக் கட்டி, ஒன்று அணைந்தால் மற்றது எரிகிற மாதிரி செய்துவிட்டார்கள். நடுவில் ஒருவன் எழுந்து நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டான். "எனக்குத் தெரியலடா" என்றேன். வானம் இடிந்து விழவில்லை.

மணி அடித்தபோது முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். "டீச்சர், இந்தப் பாடம் சார் நடத்துறத வுட நல்லா புரிஞ்சிதுங்க" என்றாள்.

பத்தொன்பது வருடமாக நான் காத்திருந்த சொல் அது. சாக்குக் கட்டிப் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. வராந்தாவில் வேகமாக நடந்தேன். போனதும் என்ன சொல்ல வேண்டும், எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். சார், உங்க பத்தாங்கிளாஸ் பொண்ணு இன்னா சொல்றா தெரியுமா? உங்கள வுட நான்தானாம். அவர் எப்படிச் சிரிப்பார் என்பதுகூட எனக்குத் தெரியும். ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு நாலு அடி இருக்கும்போதுதான் நினைவு வந்தது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போன நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

கலியபெருமாள் சாரிடமிருந்து ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு மிச்சம் இருப்பது அவர்மேல் நான் பட்ட பொறாமை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். உள்ளுக்குள் அது மரியாதைதான் டீச்சர் என்று யாரும் என்னைச் சமாதானப்படுத்த வர வேண்டாம். முழுக்க முழுக்கப் பொறாமைதான். சார், அந்தப் பெண் சொன்னதை உங்களிடம் சொல்லிக் காட்ட எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால், அந்த ஐந்து நிமிடத்துக்குள் பெட்டியில் காந்தத்தை வேண்டுமென்றேதான் வைத்தேன் என்பதையும் சொல்லி முடித்திருப்பேன்.